பணிமனைப் பண்பாடும் நல்லூழியர் நிலைபேறும்

பண்பாடு என்னுஞ் சொல்லை இக்காலத்தார் கலை, இலக்கியம், விழா என்பவற்றோடு மாத்திரம் சேர்த்து வழங்குவர். அச்சொல்லின் அடியோ மண்ணிற் கிடக்கின்றது. பண்படுதல் என்பது நிலத்துக்கும் உரிய வினை. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் தன் நிலத்திற் குழை தாழ்த்தியும், பட்டி அடைத்தும், கொத்திப் புரட்டியும் பண்படுத்திய பின்னரே கன்று நடுகின்றான். கன்று வாடினால் அவன் கன்றை வைவதில்லை, மண்ணைப் பார்க்கின்றான். ஆயின், பணிமனை ஒன்றிலிருந்து நல்ல ஊழியர் நீங்கும்போது நாம் பெரும்பாலும் நீங்கியவரையே குறைகூறுகின்றோம். ஒருவருக்கு வெளிநாட்டு மோகம் என்கின்றோம். மற்றொருவருக்குப் பணத்தாசை என்கின்றோம். அவர் நின்ற மண் எத்தகையது என்று நோக்குவார் மிகச் சிலர்.

நோக்கவேண்டிய காலம் இது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியை அடுத்து மருத்துவர், தாதியர், பொறியியலாளர், கணக்காளர் எனப் பயிற்சி பெற்றோர் பலர் இலங்கையை விட்டுப் பிறநாடு சென்றனர். அவ்வாண்டில் அரசாங்கமே தன் ஊழியர் ஐந்தாண்டுவரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல இடமளித்தது. வாழ்க்கைச் செலவு தாங்காது சென்றவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. எனினும், ஒரே ஊரில், ஒரே சம்பளத் திட்டத்தின் கீழுள்ள இரண்டு பாடசாலைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் ஆசிரியர் இடமாற்றம் வந்தபோதும் ‘இன்னும் ஓராண்டு இருக்க விடுங்கள்’ என்று வேண்டி நிற்கின்றனர். மற்றையதிலோ சேர்ந்த ஆண்டே விண்ணப்பப் படிவம் தேடுகின்றனர். சம்பளம் ஒன்றே காரணமாயின் இவ்வேறுபாடு தோன்ற நியாயமில்லை.

தமிழாசிரியனுக்கு முகாமைத்துவத்தில் என்ன வேலை என்று வினவுவார் உளராகலாம். எம்மிடம் பயின்றோரும் எம்மோடு பயின்றோரும் இன்று அலுவலகம், வங்கி, மருத்துவமனை, கடை, கூட்டுறவுச் சங்கம், பாடசாலை ஆகியவற்றில் நால்வருக்கேனும் தலைவராய் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் ஒருங்கு வாசிக்கும் ஏடு இவ்விழா மலர் ஒன்றே. ஆதலின் இச்செய்தியைச் சொல்ல இதனினும் தக்க இடம் எமக்குத் தெரியவில்லை.

பணிமனைப் பண்பாடு என்றால் என்ன? தூரநோக்கு, பணிக்கூற்று என்னுந் தலைப்புகளோடு சட்டமிட்டுச் சுவரிலே தொங்கும் வாசகங்களை அது குறியாது. அவை எல்லாப் பணிமனைகளிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன; ஆயினும் பணிமனைகள் ஒன்றுபோல இல்லை. ஆண்டுக்கொரு சுற்றுலாவும் ஒன்றுகூடலும் நல்லனவே, அவையும் பண்பாடாகா. கீழுள்ள ஊழியர் ஒருவர் தலைவரிடம் வந்து, “ஐயா, இங்கே ஒரு பிழை நேர்ந்துவிட்டது” என்று சொல்லும் அந்தக் கணத்தில் தலைவர் என்ன செய்கின்றார் என்பதே ஒரு பணிமனையின் பண்பாட்டைக் காட்டும் என்பது எம் துணிபு. அதனைச் சுற்றியிருப்போர் அனைவரும் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். நாளைக்கு வாய்திறப்பதா, மூடிக்கொள்வதா என்பதை அப்போதே அவர்கள் முடிவு செய்கின்றனர். அம்முடிபிலிருந்தே நிற்றலும் நீங்குதலும் பிறக்கின்றன.

இது புதுக்கருத்தன்று. திருக்குறட் பொருட்பாலில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல், சுற்றந்தழால் என்னும் அதிகாரங்கள் 51, 52, 53 என அடுத்தடுத்து நிற்கின்றன. தக்காரை ஆராய்ந்து தெளிதல், தெளிந்தவரைத் தக்க வினையில் அமர்த்தி ஆளுதல், தம்மைச் சார்ந்தோரைத் தழுவிக்கொள்ளுதல் என்பது அவ்வரிசை. இக்காலத் தலைவர் பலர் முதலாவதோடு நின்றுவிடுகின்றனர். விளம்பரம், விண்ணப்பம், நேர்முகப் பரீட்சை என ஆளைத் தேர்தற்குப் பெருமுயற்சி நிகழ்கின்றது. தேர்ந்தவர் வந்து இருக்கையில் அமர்ந்தபின் அவரை எவரும் நினைப்பதில்லை. 52ஆம் அதிகாரத்தில் வள்ளுவர் நுண்ணியதொன்றைக் கூறுகின்றார். வினையில் இடையறாது முயல்பவன் தலைவனோடு உரிமை பாராட்டி ஒழுகுவான். அவ்வுரிமையைப் பிழையாக எண்ணுந் தலைவனை விட்டுத் திரு நீங்கும் என்பது அதன் கருத்து. எத்துணை உண்மை! உழைப்பவரே உரிமையோடு பேசுவர். இது சரியில்லை, அதை இப்படிச் செய்தால் என்ன என்று கேட்பர். வேலையில் மனமில்லாதவர் எதற்குந் தலையசைத்துவிட்டு நான்கு மணிக்குப் போய்விடுவர். தலையசைப்பவரைப் பணிவுடையவர் என்றும், கேள்வி கேட்பவரைத் தலைக்கனமுடையவர் என்றுங் கருதும் மனையிலிருந்து முதலில் வெளியேறுவார் யாவரென்று சொல்லவும் வேண்டுமோ?

இனி, சம்பளத்தால் மட்டும் ஊழியரை நிறுத்தலாமா என்னும் வினாவை எடுத்துக்கொள்வோம். இதற்கு ஹென்றி போர்ட் என்பாரின் மோட்டார்த் தொழிற்சாலை நல்லதோர் எடுத்துக்காட்டாகும். 1913ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஹைலண்ட் பார்க் என்னும் ஊரிலிருந்த அத்தொழிற்சாலையில், வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஊர்ந்துவர, தொழிலாளர் நின்ற இடத்தில் நின்று தத்தம் உறுப்பைப் பூட்டும் ஊர்வரிசை முறை தொடங்கியது. உற்பத்தி பெருகிற்று, மனிதர் பொறுக்கமாட்டாது ஓடினர். அவ்வாண்டில் விலகியோர் தொகை, வேலையிலிருந்தோர் தொகையில் 370 வீதமாயிற்று. அஃதாவது, ஓரிடத்தை நிரப்ப ஆண்டொன்றில் மூவர் நால்வரைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரி 5ஆந் திகதி போர்ட் நிறுவனத்தார், ஏறத்தாழ 2.34 டொலராயிருந்த நாட்கூலியை 5 டொலராக்கியும், ஒன்பது மணி வேலையை எட்டு மணியாகக் குறைத்தும் அறிவித்தனர். விலகுவோர் வீதம் அவ்வாண்டு 54 ஆகவும், 1915இல் 16 ஆகவும் வீழ்ந்தது.

இதனைப் பணத்தின் வெற்றி என்று சொல்வாரோடு யாம் வாதிடவில்லை. வயிறு நிரம்பாதவனுக்குப் பண்பாடு பேசுதல் பாவம். எனினும் கதை அவ்விடத்தில் முடியவில்லை. அவ்வைந்து டொலரில் ஏறத்தாழப் பாதி, நடத்தை நன்றாயிருப்பின் மட்டுமே கிடைக்கும் இலாபப் பங்கு. குடிக்கின்றாரா, சேமிக்கின்றாரா, வீடு துப்புரவாயிருக்கின்றதா என்று பார்க்க நிறுவனத்தார் பரிசோதகரை வீடுவீடாக அனுப்பினர். பின்னாளில் தொழிலாளரை உளவு பார்க்கவும் அச்சுறுத்தவும் ஒரு காவற்பகுதியே அங்கு வளர்ந்தது. 1937 மே மாதத்தில், துண்டறிக்கை வழங்கவந்த தொழிற்சங்கத்தார் தொழிற்சாலை வாயிலருகே அடித்துத் துன்புறுத்தப்பட்டனர். 1941இற் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்த பின்னரே அந்நிறுவனம் சங்கத்தோடு உடன்படிக்கை செய்தது. பணத்தினாலே கால்களை நிறுத்த முடிந்தது. நம்பிக்கையை வாங்க முடியவில்லை.

அடுத்து யாம் கூறப்புகுவது மேலும் உற்று நோக்கத்தக்கது. கலிபோர்னியா மாநிலத்துப் பிரீமொன்ட் நகரில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தாருக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. நாள்தோறும் ஐவரில் ஒருவர் அங்கே வேலைக்கு வருவதில்லை. திங்கட்கிழமைகளில் வரிசையைத் தொடங்க ஆள் போதாத வேளைகளும் உண்டு. குடித்துவிட்டு வருவோரும், வேண்டுமென்றே வண்டியைப் பழுதாக்குவோரும் இருந்தனர். தீராத முறையீடுகள் ஆயிரக்கணக்கிற் குவிந்தன. சங்கத்தின் இசைவின்றியும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. 1982இல் நிறுவனத்தார் அதனை மூடினர். அத்தொழிலாளரைப் பற்றி அக்காலத்தில் மேலாளர் கூறியவை, இன்று எம் ஊர்களிற் சில தலைவர் தம் ஊழியரைப் பற்றிக் கூறுபவற்றையே ஒத்தன: சோம்பேறிகள், நன்றியில்லாதோர், திருத்த முடியாதோர்.

பின்பு யப்பானிய டொயோட்டா நிறுவனமும் ஜெனரல் மோட்டோர்ஸும் கூட்டாகி அத்தொழிற்சாலையைத் திறந்தன. 1984 டிசம்பரில் அங்கிருந்து முதல் வண்டி வெளிவந்தது. கட்டடம் பழையது. சங்கமும் பழையதே. சேர்க்கப்பட்ட தொழிலாளரில் நூற்றுக்கு எண்பத்தைவர்வரை அங்கே முன்பு வேலைசெய்தவரே. முன்னர்ப் போராட்டம் நடத்திய சங்கத் தலைவருங்கூடச் சேர்க்கப்பட்டனர். சம்பளமும் அந்நாட்டுப் பிற மோட்டார்த் தொழிலாளர் பெற்றதை ஒத்ததே. அவ்வாறிருந்தும், வேலைக்கு வாராதோர் தொகை சில ஆண்டுகளுள் நூற்றுக்கு மூவர் நால்வர் என்னும் அளவுக்கு வந்தது. 1986 முடிவில், ஒரு வண்டியைச் செய்து முடிக்கச் சென்ற உழைப்பு முன்னதிற் பாதிக்குங் குறைவாயிற்று. தரத்திலும் அத்தொழிற்சாலை அமெரிக்காவின் சிறந்தவற்றோடு ஒப்பவைத்துப் பேசப்பட்டது.

மனிதர் மாறவில்லை. எது மாறியது?

முதலாவதாக ஒரு கயிறு வந்தது. பழைய தொழிற்சாலையில், எது நேரினும் வரிசை நிற்கலாகாது என்பது சட்டம். ஓர் ஆணி பிழையாகப் பூட்டப்பட்டதைக் கண்டாலும் தொழிலாளி பேசாதிருக்க வேண்டும்; வண்டி பழுதோடு ஊர்ந்து சென்று வெளிமுற்றத்தில் நிற்கும்; அங்கே வேறொருவர் அதனைத் திருத்துவார், அல்லது திருத்தாது விடுவார். வரிசையை நிறுத்தியவனுக்குத் தண்டனை உண்டு. புதிய முறையிலோ ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கயிறு தொங்கியது. பிழை கண்டவர், அல்லது தம் வேலையை உரிய நேரத்தில் முடிக்க இயலாதவர், அதனை இழுக்கலாம்; இழுக்கவும் வேண்டும். உடனே விளக்கொளியும் இசையும் எழும். குழுத்தலைவர் விரைந்து வருவார். வண்டி அவ்விடத்தைக் கடக்குமுன் குறை தீர்ந்தால் வரிசை தொடரும், தீராவிடின் நிற்கும். இவ்வேற்பாட்டை யப்பானியர் விளக்கைக் குறிக்கும் ‘அந்தோன்’ என்னுஞ் சொல்லால் அழைப்பர்.

கயிறு மலிவான பொருள். எந்தத் தொழிற்சாலையிலும் கட்டித் தொங்கவிடலாம். அதனை இழுத்தபின் வருபவர் எந்த முகத்தோடு வருகின்றார், முதலில் என்ன சொல்லைச் சொல்கின்றார் என்பதிலேயே எல்லாம் அடங்கியிருக்கின்றது. பிரீமொன்டில் வந்தவர் ‘யார் பிழை?’ என்று கேட்கப் பழக்கப்படவில்லை. ‘என்ன நேர்ந்தது, எவ்வாறு உதவலாம்?’ என்று கேட்கப் பழக்கப்பட்டார். இதனைக் கண்ணாற் கண்டு பழகும்பொருட்டுச் சில நூறு தொழிலாளரும் குழுத்தலைவரும் 1984இல் யப்பானிலுள்ள டொயோட்டாத் தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்டனர். அப்பயிற்சியை ஒழுங்குசெய்தோருள் ஒருவராகிய ஜோன் ஷூக் என்பார் 2010இல் எழுதிய கட்டுரையொன்றில், மனத்தை மாற்றிச் செயலை மாற்ற முனைவதிலும் செயலை மாற்றினால் மனம் தானே மாறும் என்னும் பொருள்பட விளக்கியுள்ளார். ஊக்கமூட்டுஞ் சொற்பொழிவுகளுக்குச் செலவிடும் நம்மவர் இதனைச் சிறிது சிந்திக்கலாம்.

இரண்டாவது மாற்றம், நேரங்கணிக்குங் கடிகாரம் கைமாறியமை. ஒரு வேலைக்கு எத்தனை விநாடி செல்லும், எக்கை முதலில் நீளவேண்டும் என்பவற்றை முன்னர்ப் பொறியியலாளர் வந்து அளந்து கட்டளையிட்டனர். அவரைக் கண்டவுடன் தொழிலாளர் வேண்டுமென்றே மெல்லச் செய்தனர். அதை அறிந்த பொறியியலாளர் அளவைக் குறைத்தனர். ஒருவரையொருவர் ஏய்ப்பதிலேயே இருசாராரின் அறிவுஞ் செலவாயிற்று. புதிய முறையில், ஐவர் எழுவர் கொண்ட குழுவினர் தாமே கடிகாரத்தைப் பிடித்துத் தம் வேலையை அளந்து, சிறந்த வழியை எழுதி வைத்துக்கொண்டனர். அவ்வழியினும் நல்ல வழி கண்டவர் அதனைத் திருத்தலாம். வேலை அப்போதுங் கடினமாகவே இருந்தது. அதனை வகுத்தவர் மாத்திரம் மாறியிருந்தனர்.

மூன்றாவது மாற்றம் சோற்று மேசையில் நிகழ்ந்தது. மேலாளருக்குத் தனி உணவறை, வாகனம் நிறுத்தத் தனியிடம் என்னும் வேறுபாடுகள் நீக்கப்பட்டன. இது சிறுசெய்தி போலத் தோன்றும். பாடசாலையிலோ அலுவலகத்திலோ சிற்றூழியருக்கு வேறு கோப்பையில் தேநீர் கொடுக்கப்படுவதைக் கண்டவர் இதனைச் சிறிதென்னார்.

எனினும் இவையெல்லாவற்றையும் மெய்ப்பித்தது 1988ஆம் ஆண்டே. முன்னர் எழுதிய உடன்படிக்கையில், நிறுவனத்தின் வாழ்வுக்கே கேடு வந்தாலன்றி எவரையும் வேலையிலிருந்து நீக்குவதில்லை என்றும், அத்தகைய நிலை வரினும் மேலதிகாரிகளின் சம்பளமே முதலிற் குறைக்கப்படும் என்றும் வாக்களிக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டிலே வண்டிகள் விலைப்படவில்லை. தொழிற்சாலை தன் ஆற்றலில் நூற்றுக்கு அறுபது அளவும் இயங்காதாயிற்று. அமெரிக்க மோட்டார்த் தொழிலில் அத்தகைய வேளையில் ஆட்குறைப்பே வழக்கம். பிரீமொன்டில் எவரும் நீக்கப்படவில்லை. வேலையற்றிருந்த நேரத்திற் பயிற்சி அளிக்கப்பட்டது. குறைகளை ஆராய்ந்து திருத்தும் பணியில் அவர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். ‘கயிற்றை இழு; வேலையைக் குறைக்கும் வழி சொல்; உன்னால் உன் வேலை போகாது’ என்று முன்பு சொன்னது வெறும் பேச்சன்று என்பதை அன்றுதான் பலர் நம்பினர். எந்தத் தலைவரும் வசதியான நாளில் வாக்குக் கொடுக்கலாம். ஊழியர் காத்திருப்பது வசதியற்ற நாளுக்கே.

இவ்விடத்தில் இரண்டு குறைகளைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. பிரீமொன்டில் வேலை விநாடிக் கணக்கிற் செறிவானது. அதனை எதிர்த்த ஒரு பிரிவினர் சங்கத்துள்ளேயே இருந்தனர். 1993இல் புதிய மாதிரி வண்டிகளைத் தொடங்கிய வேளையில் உடல்நோவும் காயங்களும் மிகுந்தன. வேலைமுறை உடலுக்கு ஏற்றதா என்பதிற் போதிய கவனஞ் செலுத்தவில்லை என மாநிலத் தொழிற்பாதுகாப்பு அதிகாரிகள் குறைகண்டனர். மற்றையது: ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தார் இதனைத் தம் பிற தொழிற்சாலைகளுக்குக் கொண்டுசெல்ல முயன்று நெடுங்காலம் இடர்ப்பட்டனர். லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து வான் நைஸ் தொழிற்சாலையிற் குழுமுறையைப் புகுத்தினர். மேலாளரும் தொழிலாளரும் ஒருவரையொருவர் நம்பாத நிலையில் அது வேரூன்றவில்லை. 1992இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. பிரீமொன்டுங்கூட, 2009இல் ஜெனரல் மோட்டோர்ஸ் முறிந்து விலக, டொயோட்டாவும் கைவிட, 2010 ஏப்பிரல் 1ஆந் திகதி மூடப்பட்டது. நல்ல பண்பாடு சந்தையின் வீழ்ச்சியையும் முதலாளிகளின் முடிவையும் தடுத்துவிடும் என்று யாரும் எண்ணவேண்டா. இருபத்தைந்து ஆண்டுகள், திருத்த முடியாதோர் எனப்பட்ட மனிதர் நல்ல வண்டி செய்தனர் என்பதே நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது.

இனி எமது துறைக்கு வருவோம். பாடசாலையில் மோட்டார் வண்டி செய்யப்படுவதில்லை. எனினும் நில்லாது ஊரும் வரிசையொன்று அங்கும் உண்டு. அதன் பெயர் பாடத்திட்டம். இன்ன வாரத்துள் இன்ன அலகு முடியவேண்டும் என்பது கட்டளை. தரம் 8இற் பின்னம் விளங்காத பிள்ளை 9க்குச் செல்கின்றது, 10க்குச் செல்கின்றது, பழுது முற்றத்தில் வெளிப்படுவதுபோலச் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வரும் நாளில் அக்குறை வெளிப்படுகின்றது. அப்போது 11ஆந் தரத்து ஆசிரியரை அழைத்து விளக்கங் கேட்கின்றோம். தரம் 8இற் கற்பித்த ஆசிரியர், “ஐயா, என் வகுப்பிற் பாதிப்பேருக்கு இது விளங்கவில்லை, இரண்டு கிழமை நின்று திரும்பக் கற்பிக்கவேண்டும்” என்று ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து சொன்னாரென்று வைத்துக்கொள்வோம். அது கயிற்றை இழுத்தலே. அடுத்துப் பிறக்கும் முதல் வாக்கியம் என்ன? ‘மற்றவகுப்பு ஆசிரியர் முடித்துவிட்டாரே’ என்பதா? ‘எந்தப் பகுதி விளங்கவில்லை? யார் உமக்கு உதவலாம்?’ என்பதா? முன்னதைக் கேட்ட கூட்டத்தில் மறுமுறை எவரும் எழமாட்டார். பதிவேட்டில் எல்லா அலகும் முடிந்ததாகக் குறிக்கப்படும்.

மருத்துவமனையில் இளந்தாதி ஒருவர் மருந்தின் அளவை ஐயுற்று மூத்தவரிடம் கேட்பதும் இதுவே. கூட்டுறவுச் சங்கக் கடையின் கணக்குப்பிள்ளை, இருப்புக்கும் ஏட்டுக்கும் பொருந்தவில்லை என்று தாமாகவே வந்து சொல்வதும் இதுவே. தாமாக வந்து சொன்னவரைக் கள்ளனைப்போல விசாரித்தால், அடுத்தமுறை சொல்ல வருபவர் கணக்காய்வாளராகவே இருப்பார்.

யாம் முன்னர்ப் பணியாற்றிய பாடசாலையொன்றிலே விஞ்ஞான ஆசிரியை ஒருவர் இருந்தார். ஆய்வுகூடத்தை ஒழுங்காக்கியவர், மாலையிலும் நின்று பிள்ளைகளுக்குக் கற்பித்தவர். நேரசூசியில் ஒரு முறைகேட்டை அவர் கூட்டத்திற் சுட்டினார். மெலிந்த வகுப்புகள் யாவும் புதிதாக வந்தோருக்கும், தேர்ந்த வகுப்புகள் யாவும் மூத்தோருக்கும் சென்றிருந்தன. வந்த மறுமொழி, “ரீச்சர், நீங்கள் வந்து எத்தனை வருடம்?” என்பது. சிலர் சிரித்தனர். அவர் அமர்ந்தார். அதன்பின் அவர் கூட்டங்களிற் பேசியதில்லை, மாலையில் நின்றதுமில்லை, ஆண்டிறுதியில் இடமாற்றம் பெற்றுச் சென்றார். விண்ணப்பத்தில் எழுதிய காரணம் ‘குடும்ப வசதி’. விண்ணப்பங்களில் எழுதப்படுங் காரணம் பெரும்பாலும் அதுவே.

பிரியாவிடை நாளில் வாழ்த்துமடல் எழுதும் பொறுப்பு எப்பாடசாலையிலுந் தமிழாசிரியன் தலையில்தான் விழும். அவருக்கும் எழுதினோம். ஆய்வுகூடத்தையும் மாலை வகுப்பையும் விரிவாகப் புகழ்ந்தோம். அவர் அதனைக் கேட்டு வியப்புற்றவர்போல் இருந்தார்; தாம் செய்தவற்றை யாரேனுங் கவனித்தனர் என்பதை அன்றே அவர் அறிந்தார் போலும். புகழவேண்டியதைப் புகழ நாம் ஏன் பிரிவுநாள்வரை காத்திருக்கின்றோம் என்பது இன்றுவரை எமக்கு விளங்காதவற்றுள் ஒன்று. புகழ்ச்சி வேண்டுமென்று யாம் கூறவில்லை. ‘சென்ற கிழமை நீர் அந்தப் பட்டியலைத் திருத்தியமையால் நமக்கு இவ்வளவு வேலை குறைந்தது’ என்று செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லும் ஒரு வாக்கியம் போதும். ‘எல்லாரும் நன்றாக உழைக்கின்றீர்கள்’ என்று பொதுவிற் சொல்வது எவர் செவியிலும் ஏறுவதில்லை.

நடுநிலையைப் பற்றியும் ஒரு சொல். சம்பளத்தை உயர்த்தும் அதிகாரம் நம்முட் பலரிடம் இல்லை. அரசாங்கச் சுற்றறிக்கை அதனைத் தீர்மானிக்கின்றது. ஆயின் விடுமுறை, நேரசூசி, மேலதிக வேலை, பயிற்சிக்குச் செல்லும் வாய்ப்பு ஆகியவற்றைப் பங்கிடுவது தலைவர் கையில் உள்ளது. ஊழியர் மனம் முறிவது தமக்குக் குறையக் கிடைத்தமையாலன்று. யாருக்கு எதனால் கிடைத்தது என்பது மறைக்கப்பட்டமையால். காரணத்தோடு சொல்லப்பட்ட மறுப்பைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வர். ஊரறிந்த உறவினருக்கோ, வீட்டுக்கு வந்து போவோருக்கோ கதவு தனியாகத் திறப்பதைக் கண்டபின், உழைப்பவர் உழைப்பை அளந்து கொடுக்கத் தொடங்குவர். பின்னர் நீங்குவர்.

நீங்குவோரை அழைத்து ஏன் போகின்றீர் என்று கேட்கும் வழக்கம் சில நிறுவனங்களில் உண்டு. அது நல்லதே, ஆனாற் பிந்திய வேலை. போகின்றவர் பகை வேண்டாமென்று நல்லதையே சொல்லிப் போவார். இருப்போரை, அதிலும் போனால் ஈடுசெய்ய முடியாதென்று நாம் அஞ்சுவோரை, ஆண்டுக்கு இருமுறையாவது தனித்தனியே இருத்திக் கேட்கலாம். உமது வேலையில் எது வீணாகின்றது? எதை நான் செய்யாது விட்டால் உமக்கு எளிதாகும்? சென்ற மாதத்தில் இதைச் சொல்லலாமென்று எண்ணிச் சொல்லாது விட்டது எது? கேட்டபின் தலைவர் செய்யவேண்டியது வாய்மூடி இருத்தல். முதல் இரண்டு நிமிடத்தில் மழையும் பேருந்தும் பற்றியே விடை வரும். பொறுத்திருந்தால் மூன்றாவது நிமிடத்தில் உள்ளது வரும். வந்தவற்றுள் ஒன்றையேனும் அம்மாதம் முடியுமுன் செய்து காட்டுதல் வேண்டும். செய்ய இயலாததாயின் ஏன் இயலாதென்று அவரிடமே திரும்பிச் சென்று சொல்லுதல் வேண்டும். இவ்விரண்டுஞ் செய்யாத தலைவர் ஆறு மாதங் கழித்து மீண்டும் கேட்கும்போது, “ஒரு குறையுமில்லை, ஐயா” என்னும் விடையே கிடைக்கும். கேட்கப்பட்டவரின் மேசை இழுப்பறையிலோ நிரப்பிய விண்ணப்பம் ஒன்று திகதி மட்டும் இடப்படாது கிடக்கும்.